ஏழாம் நம்பர் முன்னால் வெள்ளைச் சட்டை

எங்கள் பழைய ஷெட் ஆட்களின் வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், தகடு அடிக்கும் பவர் பிரஸ் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். ஏதோ வெளிநாட்டுக் கண்காட்சியில் சுவர் அளவுக்குப் பெரிதாக மாட்டியிருக்கிறார்களாம். அதன் கீழே யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: 'இயந்திரத்திடம் சரணடையும் தொழிலாளி.' அதற்கு ஏகப்பட்ட கைதட்டல். இப்போது அந்த ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் என்னைக் கேட்டார்கள், "இது நம்ம ஷெட்டாமே அண்ணா? அவரு இன்னாத்துக்கு சரண்டர் ஆவுறாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுதியவன் மேல் பாதி, படம் எடுத்த அம்மாள் மேல் பாதி. அவன் சரணடையவில்லை. நான் அங்கே இருந்தேன். குழுவில் பேசி அனுப்பினால் யாரும் கடைசிவரை கேட்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் திருமுல்லைவாயில்காரன். ஐ.டி.ஐ. முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். அதே ஷெட்டில், அச்சு மாட்டிச் சரிபார்க்கும் டூல் செட்டராக ரிட்டயர் ஆனேன். கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எண்ணெய் துடைத்தேன், டை தூக்கினேன், திட்டு வாங்கினேன். எல்லோரும் அப்படித்தான்.

பிரஸ் பார்க்காதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கீழே அச்சு இருக்கும், அதுதான் டை. மேலே ராம் என்று ஓர் இரும்புப் பாளம் தொங்கும். நடுவில் தகட்டை வைத்துவிட்டு இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அமுக்கினால் ராம் இறங்கி அடிக்கும். தகடு கீலாகவோ, வண்டியின் பிரேக் பாகமாகவோ வெளியே வரும். நடுவில் விரல் இருந்தால் விரல் போகும். பட்டன் இரண்டாக இருப்பதே அதனால்தான். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே வைக்க மூன்றாவது கை கிடையாது.

புது டையை மாட்டும்போது இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மூன்று நான்கு பேர் பிரஸ்ஸைச் சுற்றி நிற்பார்கள். ஒருவன் போல்ட் முறுக்குவான், ஒருவன் அடியில் தகடு சொருகுவான், ஒருவன் துடைப்பான். பிறகு செட்டர் ஒரு அடி அடித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு அடியில்தான் பெரும்பாலும் விரல்கள் போயின.

எங்கள் ஃபோர்மேன் ராஜமாணிக்கம் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். சோதனை அடிக்கு முன்னால் ஸ்பேனரால் பிரஸ்ஸின் தூணில் ஒரு தட்டு தட்டுவார். "கை" என்பார். அவ்வளவுதான். சுற்றி நிற்கும் எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரலை விரித்துக் காட்ட வேண்டும். அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். கைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எவன் கையிலாவது கந்தைத் துணியோ ஸ்பேனரோ இருந்தால் அந்தக் கை கணக்கில் வராது. அடிக்க மாட்டார். திட்டவும் மாட்டார். பானைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வேலையே இல்லாதவர் மாதிரி கேட் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். வேலை அப்படியே நிற்கும். தப்பு செய்தவனை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்களோடு அவரும் கை தூக்குவார். இடது கையில் மூன்று விரல்தான் இருந்தன. அது எப்படிப் போயிற்று என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்தக் கை மேலே போகும்போது புதிதாகச் சேர்ந்தவனுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

அவர் வேலையிலிருந்து போன பிறகு சோதனை அடி செட்டரான என் பொறுப்பு. வழக்கத்தை விடவில்லை. நேரம் வீணாகிறது என்று இரண்டு மேனேஜர்கள் சொன்னார்கள். ஆகட்டும் என்றேன்.

இனி டில்லி, படத்தில் நிற்கிறவன். முழுப்பெயர் டில்லிபாபு. அயப்பாக்கம். அவன் அப்பா அங்கே நாற்று நட்ட நிலம் எல்லாம் இப்போது பிளாட். டில்லி எங்களிடம் கான்ட்ராக்ட் ஆள். வருடக்கணக்காக நடுநடுவே சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி புதிதாகச் சேர்ப்பதுபோல் சேர்ப்பார்கள். தொடர்ந்து வைத்திருந்தால் பர்மனென்ட் ஆக்க வேண்டி வரும் என்பது தொழிற்சாலையில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். பர்மனென்ட் ஆக வேண்டும், அவனுக்கு வேறு ஆசையே இல்லை. கை வேகம். வாய் அதைவிட வேகம்.

அவனுக்கும் எனக்கும் ஒரே ஒரு சண்டைதான் ஓயாமல் நடந்தது. ஒரு பட்டனில் சைக்கிள் டியூபைச் சுற்றி மரத்துண்டைச் செருகிவிடுவான். பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும். ஒரு கையால் மறு பட்டனை அடிப்பான், இன்னொரு கையால் தகட்டை எடுப்பான். எண்ணிக்கை கூடும், கூலியும் கூடும். எங்கள் எஸ்டேட்டில் இதைச் செய்யாத ஷெட்டே இல்லை. நான் துண்டைப் பிடுங்கி எறிவேன். சாப்பாட்டுக்குப் போய் வந்தால் மறுபடி இருக்கும்.

ஒரு நாள் பிடித்துக் கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், "அண்ணாத்தே, உனுக்கு மாசச் சம்பளம். எனுக்கு எண்ணிக்கை. நீ புடுங்கிகினே இரு, நான் சொருவிகினே கீறேன்."

நான் பிடுங்குவதை நிறுத்தவில்லை.

ஏழாம் நம்பர் பிரஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கிளட்ச் தேய்ந்திருந்தது. எப்போதாவது டபுள் அடிக்கும். அதாவது பட்டனில் இருந்து கையை எடுத்த பிறகும் ராம் தானாக இன்னொரு முறை இறங்கும். சுற்றுகிற பெரிய சக்கரத்தை ராமோடு பிடிப்பதும் விடுவதும் கிளட்ச்சின் வேலை. அது தேய்ந்தால் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கையில் இருக்கும் ஆர்டர் முடியட்டும் என்பார்கள். ஆர்டர் என்றைக்கு முடிந்தது?

அப்போதிருந்த மேனேஜர் பிரபாகர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பண்டிகைக்கு எல்லோர் வீட்டையும் விசாரிப்பார். யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது அவருக்கு. முதலாளியிடம் வராது, கஸ்டமரிடம் வராது. எங்களிடம் மட்டும் நன்றாக வரும்.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் ஸ்பெயினிலிருந்து அந்த அம்மாள் வந்தாள். முதலாளி குடும்பத்துக்குத் தெரிந்தவள். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழைய ஓவியங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் இருக்கிற ஆட்களுக்குப் பதில் இன்றைக்கு உழைக்கிற ஆட்களை நிற்க வைத்துப் படம் எடுப்பாளாம். போனில் காட்டினாள். நீள மேசை விருந்துப் படத்தில் மீன் சந்தைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முத்துக் கம்மல் போட்டுத் திரும்பிப் பார்க்கும் பெண்ணின் இடத்தில் ஆஸ்பத்திரி துப்புரவுப் பெண் ஒருத்தி. நன்றாகத்தான் இருந்தன. சும்மா சொல்லக் கூடாது.

அவள் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் டை மாட்டிக்கொண்டிருந்தோம். நான் தூணில் தட்டி "கை" என்றேன். எல்லோரும் தூக்கினோம். அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து எங்களிடம் நீட்டினாள்.

அவள் நாட்டு ஓவியர் ஒருவர் இருநூறு வருடத்துக்கு முன்னால் வரைந்தது. ராத்திரி. ஒரு பக்கம் சிப்பாய்கள் வரிசையாகத் துப்பாக்கி நீட்டி நிற்கிறார்கள். ஒருவன் முகமும் தெரியாது, முதுகுதான். தரையில் ஒரு விளக்கு. அதன் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்துத் தூக்கியிருக்கிறான். பக்கத்தில் செத்தவர்கள் கிடக்கிறார்கள்.

டில்லி எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணா இது, என்கவுன்டர் மாரி கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் அர்த்தம் தெரியாமல் சிரித்தாள். சிப்பாய்களுக்குப் பதில் வரிசையாக நிற்கும் பிரஸ்கள், வெள்ளைச் சட்டைக்காரனுக்குப் பதில் எங்களில் ஒருவன், இதுதான் அவள் நினைத்தது. மேனேஜர் மொழிபெயர்த்தார். முகமில்லாத இரும்பு வரிசை என்று சொன்னபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. நாங்கள் ஏன் கை தூக்குகிறோம் என்று அவள் கேட்டதற்கு மேனேஜர் ஏதோ சொன்னார். அவள் பதிலை எங்களுக்குச் சொன்னார்: "ரொம்ப அழகா இருக்காம்."

எங்களில் டில்லியைத் தேர்ந்தெடுத்தாள். மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, படம் நன்றாக வந்தால் முதலாளியிடம் பேசிப் பர்மனென்ட் லிஸ்டில் பெயர் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். டில்லி என்னிடம் வந்து சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அவன் கேலி பேசாமல் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு விடுமுறை. அன்று காலை எடுத்தார்கள். டில்லி கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடி, தரையில் ஒரு விளக்கு வைத்தாள். பிரஸ் பக்கம் ஆள் நிற்பதால் செட்டர் இருக்க வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பேனல் சாவி என்னிடம். அதைப் போட்டுத் திருப்பாமல் மோட்டார் ஓடாது.

முதலில் டில்லியை வரிசைக்கு எதிரே தள்ளி நிற்க வைத்தாள். எடுத்துப் பார்த்தாள், பிடிக்கவில்லை. கிட்டே வரச் சொன்னாள். அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் ஏழாம் நம்பருக்கு முதுகைக் காட்டி, அதை ஒட்டி மண்டியிடச் சொன்னாள். ஓவியத்தில் இருப்பதுபோல் கைகளை விரித்துப் பின்னால் சாய்க்கச் சொன்னாள்.

நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். நின்றுகொண்டு தூக்கினால் கை மேலே போகும், இயந்திரத்துக்கு எட்டாது. மண்டியிட்டு, முதுகைக் காட்டித் தூக்கினால் இரண்டு கையும் நேராக அதன் வாய்க்குள். மேலே ராம், கீழே டை, நடுவில் டில்லியின் விரல்கள். அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது, திரும்பியிருக்கிறான்.

மோட்டார் நின்றிருக்கும்வரை பயமில்லை என்று சும்மா இருந்தேன். அவள் மேனேஜரிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னிடம் வந்தார். சக்கரம் சுற்ற வேண்டுமாம். சுற்றினால்தான் இயந்திரத்துக்கு உயிர் வருமாம். மோட்டாரைப் போடச் சொன்னார்.

முடியாது என்றேன். ஏழாம் நம்பர் டபுள் அடிக்கிறது, உங்களுக்கே தெரியும் என்றேன்.

பட்டனையே தொடாதபோது எப்படி இறங்கும் என்றார். கிளட்ச் தேய்ந்தால் பட்டன் எதற்கு என்றேன். அப்படியானால் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். டில்லியை எழுப்பித் தள்ளி நிற்க வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். சக்கரம் சுற்றியது. எல்லோரும் ராமைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இறங்கும், இப்போது இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவில்லை. பட்டன்களை அமுக்கி ஓர் அடி அடித்துவிட்டும் காத்திருந்தேன். ஒரே அடி. சாதுவாக மேலே போய் நின்றது.

மேனேஜர் சிரித்தார். "பாத்தீங்களா? சும்மா பயமுறுத்துறீங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் மோட்டாரை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். டபுள் அடிக்கிற பிரஸ் தினமும் அடிக்காது. தினமும் அடித்தால் எவனும் அதன் பக்கம் போக மாட்டான், எவன் விரலும் போகாது. அடிக்காமல் இருந்து நம்ப வைப்பதுதான் அதன் வேலை. இதை அவரிடம் சொன்னேன். அவர் கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். தரவில்லை. ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் கெட்ட பெயர் எடுக்க வேண்டாம் என்றார். எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அப்போது டில்லி என் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அண்ணாத்தே, சாவியக் குட்துடு. அஞ்சு நிமிசம்தானே. எத்தினி வருசமா சொருவிகினு ஓட்டிக்கீறேன், இன்னா ஆச்சு எனுக்கு? எனுக்கு இது வேணும்ணா. ஊட்டாண்ட சொல்ட்டு வன்ட்டேன்."

மேனேஜர் கேட்டதற்கு முடியாது என்று சொல்வது சுலபம். இவன் கேட்டதற்கு என்ன சொல்வது? அவன் முகத்தைப் பார்த்தால் கொடுத்துவிடுவேன் என்று தோன்றியது. பார்க்காமலே முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"நீ பர்மனென்ட்டுபா. உனுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி ஏழாம் நம்பர் முன்னால் மண்டியிட்டான். கைகளை விரித்தான். மேனேஜர் ஆபீஸ் அறைக்குப் போய் மாற்றுச் சாவியோடு வந்தார்.

நான் பேனலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. "மோட்டாரப் போட்டுடலாம் சார். அவன் எழுந்துக்கட்டும், நீங்க அங்க மண்டி போடுங்க. நானே போடுறேன்" என்றேன்.

தள்ளச் சொல்லிக் கத்தினார். எங்களுக்குள் என்ன தகராறு என்று அந்த அம்மாள் கேட்டாள். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தேவையில்லாமல் பயப்படுகிறேன் என்பதுபோல் ஏதோ சொல்லியிருப்பார். அவள் காமிராவைக் கீழே வைத்தாள். நேராகப் போய் டில்லியின் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவன் இருந்த இடத்தில் தானே மண்டியிட்டு, முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து ஏழாம் நம்பரின் வாய்க்குள் வைத்தாள்.

"ஆன். ப்ளீஸ்" என்றாள்.

நான் பேனலை விட்டு விலகி நின்றேன். ஏன் விலகினேன் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. மேனேஜர் கையில் சாவி இருந்தது. பேனல் அவருக்கு எட்டும் தூரம். வெளியே லாரி ஒன்று பின்னால் வரும் மணி மட்டும் கேட்டது.

அவர் சாவியைப் போடவில்லை.

"ஆன்" என்றாள் மறுபடி.

"நோ, மேடம். ப்ளீஸ். ரிஸ்க்" என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்தே வந்தது. வந்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். டில்லி கால்சட்டை முட்டியில் ஒட்டியிருந்த எண்ணெய் அழுக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவதை நிறுத்தினான்.

"எனுக்கு இல்லாத ரிஸ்க்கு அவங்களுக்கு இன்னா சார்?"

"டில்லி, அது வேற, இது வேற."

"இன்னா வேற சார்?"

அவன் குரலை உயர்த்தவில்லை. ஒரு கேலி இல்லை. அவள் எழுந்து என்ன சொன்னான் என்று கேட்டாள். மேனேஜர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் சொன்னேன்: "மேடம் ஹேண்ட், டேஞ்சர். ஹிஸ் ஹேண்ட், ஓக்கே."

அவளுக்குப் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. பெரிதாக மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டில்லியைப் பார்த்து எப்படி நிற்க விருப்பம் என்று கையாலேயே கேட்டாள்.

அவன் பிரஸ்ஸை விட்டு மூன்று எட்டு தள்ளி வந்து நேராக நின்றான். எங்கள் ஷெட் வழக்கப்படி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரலை விரித்தான். சக்கரம் ஓடவில்லை. அவள் எடுத்தாள். நீங்கள் பார்த்த படம் அதுதான். அவன் கண் எங்கே பார்க்கிறது என்று இப்போது பாருங்கள். காமிராவை இல்லை. காமிராவுக்குப் பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்க்கிறான். சரணடைகிறவன் அப்படிப் பார்ப்பானா? படத்தின் கீழே அவன் பெயரைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த அம்மாள் மேல் எனக்கு இருக்கும் கோபம் அதுதான்.

திங்கட்கிழமை டில்லி வேலைக்கு வந்தான். என்றைக்கும்போல ஏழாம் நம்பரில் போட்டார்கள். உட்காரவில்லை. கைகட்டிக்கொண்டு நின்றான். மேனேஜர் வந்து என்ன என்று கேட்டார். "நேத்து நீங்கதானே சார் ரிஸ்க்குன்னீங்க" என்றான். வேறொருவனை உட்காரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதற்குள் ஷெட் முழுக்கத் தெரிந்திருந்தது. அவனும் உட்காரவில்லை. யாரும் கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. ஒவ்வொருவனாகக் கூப்பிட்டார், ஒவ்வொருவனும் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அன்று முழுக்க ஏழாம் நம்பர் சும்மா நின்றது. நான் வருடக்கணக்கில் கேட்டும் வராத கிளட்ச் சாமான் மறுநாள் மதியமே பக்கத்து ஊரான பாடியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியது. நான்தான் மாட்டினேன். பழையதைக் கழற்றி எடுத்தபோது அதன் விளிம்பு சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தது.

டில்லி பட்டனில் மரத்துண்டு செருகுவதையும் நிறுத்திவிட்டான். அவன் எண்ணிக்கை குறைந்தது. அதற்கும் பேச்சு வாங்கினான். எனக்கு மெமோ கொடுத்தார்கள், ரிட்டயர் ஆகும்வரை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள்.

லிஸ்ட் வந்தது. டில்லி பெயர் இல்லை. வழக்கமாக நடுவில் நிறுத்துவதுபோல் நிறுத்தினார்கள், அந்தத் தடவை திரும்பக் கூப்பிடவில்லை. நான் சாவியைக் கொடுத்திருந்தால் ஒருவேளை பெயர் வந்திருக்கும். ஏழாம் நம்பர் அன்றைக்கும் சாதுவாகவே இருந்திருக்கலாம். அவன் இதை என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. கடைசி நாள் கேட்டில் நின்று, "வர்ட்டாண்ணா" என்று கையைக் காட்டிவிட்டுப் போனான். பத்து விரலும் இருந்தன. எங்கள் ஷெட்டில் அத்தனை வருடம் பிரஸ் ஓட்டிவிட்டு அப்படி வெளியே போனவர்கள் அதிகம் பேர் இல்லை.